‘என்’-வகைப் புலவிளைவு டிரான்சிஸ்டர்: பெயரும் பொருளும்

முன்னுரை

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் நன்னூலார் பாகுபடுத்துவர். காரணம் பற்றி வந்த பெயரும் நாளடைவில் அக்காரணம் மறைய, வழக்கின் வலிமை ஒன்றாலேயே நிலைபெறுதல் உண்டு. எள்ளின் நெய்யைக் குறித்துத் தோன்றிய எண்ணெய் என்னும் சொல், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எனப் பிறபொருள்மேலும் சென்று வழங்குதல் யாவரும் அறிந்ததே. மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுவார் இலர். ஆயின் அறிவியற் கலைச்சொல்லைத் தமிழாக்கப் புகுவோர், சொல்லின் பழைய காரணத்தையே பற்றிக்கொண்டு, அச்சொல் இன்று சுட்டும் பொருளைக் காணாது விடுதல் பலகாலும் நிகழ்கின்றது. அதனால் மயங்குவோர் மாணவர்.

இதனை விளக்குதற்கு ஒரு கருவியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் கோடிக்கணக்கில் அமைந்து அவற்றை இயக்கும் புலவிளைவு டிரான்சிஸ்டரே அது. அதன் இருவகையுள் ஒன்று ‘என்’-வகை எனப்படும். அவ்வெழுத்துக் குறிப்பது யாது? கருவி முழுமையையா, அது செய்யப்பட்ட படிகத்தையா, அன்றி வேறொன்றையா? இவ்வினாவிற்கு விடை காணாமல் அக்கருவிக்குரிய தமிழ்ச் சொற்களை வரையறுத்தல் இயலாது. ஆகலின் முதற்கண் பொருளை விளக்கி, அதன்பின் பெயரை ஆராய்தல் இக்கட்டுரையின் முறையாகும்.

எழுத்தின் காரணம்

உலோகம் மின்னை நன்கு கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிலிக்கான், ஜெர்மானியம் முதலியன குறைக்கடத்திகள் எனப்படும். சிலிக்கான் அணுவின் புறக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் அந்நான்கினையும் கொண்டு அண்டை அணுக்கள் நான்கனோடு பிணைந்து நிற்கும். பிணைப்பிலுள்ள எலக்ட்ரான் இடம்பெயர இயலாமையின், தூய சிலிக்கான் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் ஏறத்தாழ 5×10²² அணுக்கள் இருப்பினும், அறை வெப்பநிலையில் கட்டவிழ்ந்து திரியும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 10¹⁰ மட்டுமே.

இப்படிகத்துள் ஐந்து புற எலக்ட்ரான்களையுடைய பாஸ்பரஸ் அணுக்களைச் சிறிதளவு புகுத்தினால், ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவிலும் நான்கு எலக்ட்ரான்கள் பிணைப்பிற்குச் சென்றபின் ஒன்று எஞ்சும். எஞ்சியது எளிதிற் கட்டவிழ்ந்து மின்னைச் சுமந்து செல்லும். இங்ஙனம் வேண்டியே பிற அணுவைப் புகுத்துதல் மாசூட்டல் எனப்படும். 50 இலட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவில் பாஸ்பரஸைச் சேர்த்தாலும், ஒரு கன சென்டிமீட்டரில் திரியும் எலக்ட்ரான்கள் 10¹⁶ ஆகின்றன. அஃதாவது முன்னையினும் 10 இலட்சம் மடங்கு பெருகுகின்றன. பாஸ்பரஸிற்கு மாறாக, மூன்று புற எலக்ட்ரான்களேயுடைய போரானைப் புகுத்தினால் பிணைப்பில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அண்டையிலுள்ள எலக்ட்ரான் அவ்விடத்தை நிரப்ப, வெற்றிடம் அண்டைக்குப் பெயரும். இங்ஙனம் நகரும் வெற்றிடம் துளை எனப்படும். அது நேர்மின்னூட்டம் உடையது போல ஒழுகும்.

எதிர்மின்னூட்டமுடைய எலக்ட்ரான்கள் மிக்க படிகத்தை ‘என்’-வகை என்றும், நேர்மின்னூட்டமுடைய துளைகள் மிக்கதைப் ‘பி’-வகை என்றும் வழங்குவர். இவ்வெழுத்துகள் எதிர், நேர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாம். ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. ‘என்’-வகைப் படிகம் எதிர்மின்னூட்டம் உடையதன்று. பாஸ்பரஸ் அணு ஓர் எலக்ட்ரானை மிகுதியாகக் கொண்டுவரும்போதே, அதன் கருவில் ஒரு நேர்மின்னூட்டத்தையும் மிகுதியாகக் கொண்டுவருகின்றது. ஆகவே படிகம் முழுமையும் நடுநிலையிலேயே நிற்கும். எழுத்து, படிகத்தின் மின்னூட்டத்தைக் குறிக்கவில்லை. அதனுள் மிகுதியாக இயங்கும் ஊர்தியையே குறிக்கின்றது. ‘எதிர்வகைப் படிகம்’ என மொழிபெயர்த்து அமைந்தால், அப்படிகமே எதிர்மின்னூட்டமுடையது என்று மாணவன் கொள்ளுதல் இயல்பேயாம்.

கருவியும் பெயரும் தோன்றிய வரலாறு

குறைக்கடத்தியின் அருகே ஓர் உலோகத் தகட்டை அதனைத் தொடாவண்ணம் வைத்து, அத்தகட்டிற்கு மின்னழுத்தம் தந்தால், அதனால் விளையும் மின்புலம் குறைக்கடத்தியின் கடத்துதிறனை மாற்றுதல் வேண்டும் என்பதே புலவிளைவு என்னும் கருத்து. ஜூலியஸ் லிலியன்பெல்டு என்பார் இக்கருத்தமைந்த காப்புரிமை விண்ணப்பத்தைக் கனடாவில் 1925-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டிலும் அளித்தார்; அமெரிக்கக் காப்புரிமை 1930-இல் வழங்கப்பெற்றது. ஆஸ்கர் ஹைல் என்பாரும் 1935-இல் பிரிட்டனில் இத்தகைய காப்புரிமை பெற்றார். ஆயின் கருத்து நூலளவில் நின்றதேயன்றிக் கருவியாக உருப்பெறவில்லை.

1945-இல் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த வில்லியம் ஷாக்லி இதனைச் செய்துபார்த்தபோதும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. அதன் காரணத்தை ஜான் பார்டீன் கண்டறிந்தார். படிகத்தின் மேற்பரப்பில் பிணைப்பு முற்றுப்பெறாத இடங்கள் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை ஒரு திரைபோல நின்று, தகட்டின் மின்புலம் உள்ளே செல்லாதபடி தடுக்கின்றன. இம்மேற்பரப்பை ஆராயும் பணியினிடையே பார்டீனும் வால்ட்டர் பிராட்டனும் 1947 டிசம்பர் 16-இல் முதல் டிரான்சிஸ்டரைக் கண்டனர். அது புலவிளைவால் இயங்குவதன்று. வேறொரு முறையில் இயங்குவது. டிரான்சிஸ்டர் என்னும் பெயரை 1948-இல் ஆக்கியவர் அவ்வாய்வகத்து ஜான் பியர்ஸ். தடையைப் பற்றிய காரணம் அப்பெயரில் உண்மையின், திரிதடையம் என்னும் தமிழாக்கமும் வழங்குகின்றது.

1952-இல் ஷாக்லி வேறொரு புலவிளைவுக் கருவியின் கொள்கையை வெளியிட்டார். அதில் ஒருவகைக் குறைக்கடத்தியாலாகிய வழி முன்னரே அமைந்திருக்கும். இருமருங்கிலும் மற்றொரு வகைப் பகுதி நின்று, மின்புலத்தால் அவ்வழியை நெருக்கும். நீரோட்டத்தினின்று எடுத்த ஊற்று, வடிகால், வாயில், கால் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் இக்கருவியைச் சார்ந்து வழக்கூன்றின. அவை அக்கருவிக்கு மிகவும் பொருந்தியிருந்தன. ஓடுகின்ற கால் உண்டு. அதனைக் குறுக்கும் அடைப்பும் உண்டு.

மேற்பரப்பின் தடையை நீக்கும் வழியை 1950-களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த முகம்மது அட்டல்லா கண்டார். சிலிக்கானை உயர்ந்த வெப்பத்தில் ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து, அதன்மேல் சிலிக்கான் ஆக்சைடுப் படலத்தை வளர்த்தால், முற்றுப்பெறாத பிணைப்புகள் பெரிதும் குறைகின்றன. அப்படலம் சிறந்த மின்காப்புமாகின்றது. 1959-இல் அவரும் டேவன் காங் என்பாரும் உலோகம், ஆக்சைடு, குறைக்கடத்தி என்னும் மூன்றடுக்கில் அமைந்த புலவிளைவு டிரான்சிஸ்டரை உருவாக்கினர். லிலியன்பெல்டின் கருத்து இங்ஙனம் கருவியாயிற்று. ஊற்று, வடிகால், வாயில் என்னும் பெயர்கள் இப்புதிய கருவிக்கும் அப்படியே வந்து பொருந்தின. ஆயின் அவை சுட்டும் பொருள் மாறியிருந்தது.

வாய்க்கால் தோன்றும் முறை

இக்கட்டுரையில் எலக்ட்ரான்கள் புறப்படும் முனை ஊற்றுவாய் என்றும், அவை சென்று சேரும் முனை வடிகால் என்றும், ஏவும் முனை மதகு என்றும், ஊர்திகள் செல்லும் வழி வாய்க்கால் என்றும் குறிக்கப்பெறும். இத்தேர்வின் காரணம் பின்னர்க் கூறப்படும்.

‘என்’-வகைப் புலவிளைவு டிரான்சிஸ்டரின் அடிநிலம் ‘பி’-வகைச் சிலிக்கான் ஆகும். இதுவே முதன்முறை கற்பாரைத் திகைக்க வைப்பது. அந்நிலத்தில் சிறிது இடைவெளிவிட்டு இரண்டு ‘என்’-வகைத் தீவுகளை அமைப்பர். ஒன்று ஊற்றுவாய், மற்றொன்று வடிகால். இடைவெளியின் மேல் ஆக்சைடுப் படலமும் அதன்மேல் மதகும் அமையும். வடிகாலுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தாலும், மதகிற்கு மின்னழுத்தம் இல்லாதபோது மின்னோட்டம் நிகழாது. இடையிலுள்ள ‘பி’-நிலமும் வடிகாலும் கூடுமிடத்தில் அமைந்த சந்தி அதனைத் தடுத்து நிற்கும்.

இனி மதகிற்கு நேர்மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவோம். முதற்கண், அதன் கீழுள்ள துளைகள் விலகி உள்ளே செல்லும். மேற்பரப்பை ஒட்டி ஊர்திகளற்ற பகுதி ஒன்று உண்டாகும். மின்னழுத்தம் மேலும் உயர, எலக்ட்ரான்கள் மேற்பரப்பிற்கு ஈர்க்கப்படும். அவற்றைப் பெரும்பாலும் வழங்குவது ஊற்றுவாயே. தொடக்க மின்னழுத்தம் எனப்படும் ஓரளவை மதகு கடந்ததும், மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் மலிந்த மெல்லிய படலம் ஒன்று இரு தீவுகளையும் இணைத்துவிடும். ‘பி’-நிலத்தின் மேற்பரப்பு அவ்விடத்தில் மட்டும் ‘என்’-வகையின் தொழிலைச் செய்கின்றது. இதுவே வாய்க்கால். மதகின் மின்னழுத்தத்தை நீக்கினால் அது மறைந்து, நிலம் முன்போல் ‘பி’-வகையாகவே நிற்கும்.

புணர்ச்சி இலக்கணம் பயின்றார்க்கு இது புதுமையன்று. பொன் என்னும் நிலைமொழியின் ஈற்று னகரம், குடம் என்னும் வருமொழியின் வல்லினத்தைச் சார்ந்து றகரமாகத் திரிந்து பொற்குடம் என நிற்கின்றது. வருமொழி நீங்கின் அச்சொல் பொன்னேயாம். திரிபு சொல்லின் உள்ளியல்பன்று. அண்டையின் சார்பால் எல்லையில் நிகழ்வது. வாய்க்காலும் அத்தகையதே. பாஸ்பரஸால் ஆகிய ‘என்’-தன்மை படிகத்தோடு நிலைத்து நிற்பது. மதகால் ஆகிய ‘என்’-தன்மையோ மதகு ஏவுங்காறும் நிற்பது. ஓரெழுத்தே இவ்விரண்டனையும் சுட்டுகின்றது.

மின்னோட்டத்தின் அளவு மதகின் மின்னழுத்தம் தொடக்க மின்னழுத்தத்தை எத்துணை விஞ்சுகின்றது என்பதைச் சார்ந்தது. தொடக்க மின்னழுத்தம் 1 வோல்ட்டு எனக் கொள்வோம். மதகில் 3 வோல்ட்டு இருப்பின் மிகை 2 வோல்ட்டு. வடிகாலின் மின்னழுத்தம் இம்மிகைக்குக் குறைவாக உள்ளவரை, அது கூடக்கூட மின்னோட்டமும் கூடும். 2 வோல்ட்டை எட்டியதும் வடிகாலின் அருகே வாய்க்கால் குறுகி ஒடுங்கும். அதன்மேல் வடிகாலின் மின்னழுத்தத்தை உயர்த்தினும் மின்னோட்டம் பெரிதும் கூடாமல் நிறைவெய்தி நிற்கும். மதகில் 5 வோல்ட்டு தந்தால் மிகை 4 வோல்ட்டாகும். வாய்க்கால் நீளமாக அமைந்த கருவியில் நிறைவு மின்னோட்டம் மிகையின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், மிகை இருமடங்காக மின்னோட்டம் நான்மடங்காகும். மதகின் வழியே மின்னோட்டம் செல்லாமலேயே, அதன் அழுத்தம் மட்டும் இத்துணை மாற்றத்தை விளைத்தல் இக்கருவியின் சிறப்பாகும்.

உப்பு விளைத்த இடர்

சிலிக்கானில் எலக்ட்ரான் துளையினும் விரைந்து இயங்குவது. மாசு மிகக் குறைந்த படிகத்தில் எலக்ட்ரானின் இயங்குதிறன் ஏறத்தாழ 1400 எனின், அதே அலகில் துளையின் இயங்குதிறன் ஏறத்தாழ 450 ஆகும். மேற்பரப்பு வாய்க்காலில் இரண்டும் குறையுமாயினும், எலக்ட்ரானின் முதன்மை நீங்குவதில்லை. ஆகவே ‘என்’-வகைக் கருவியே முதலிற் பரவியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ மாறானது. இன்டெல் நிறுவனம் 1971-இல் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி, ஏறத்தாழ 2300 ‘பி’-வகை டிரான்சிஸ்டர்களால் ஆயது. 1974-இல் வெளிவந்த 8080 என்னும் நுண்செயலியே ‘என்’-வகையால் அமைந்தது.

இக்காலத்தாழ்விற்கு ஒரு பெருங்காரணம் சோடியம். கறியுப்பிலும் மனிதரின் வியர்வையிலும் உள்ள அத்தனிமம், கையாளுதலாலும் உலைகளாலும் வேதிப்பொருள்களாலும் ஆக்சைடுப் படலத்துள் புகுந்துவிடுகின்றது. சோடிய அயனி நேர்மின்னூட்டமுடையது. படலத்துள் நகர்ந்து செல்லவும் வல்லது. அது சிலிக்கானை நெருங்கியதும், மதகு செய்யவேண்டிய தொழிலைத் தானே செய்யும். கீழே எலக்ட்ரான்களை ஈர்த்து வாய்க்காலை உண்டாக்கிவிடும். மதகிற்கு மின்னழுத்தம் இல்லாதபோதும் ‘என்’-வகைக் கருவி கடத்திக்கொண்டேயிருக்கும். அதன் தொடக்க மின்னழுத்தமும் நாளுக்கு நாள் மாறும். ‘பி’-வகைக் கருவியிலோ அதே நேர்மின்னூட்டம் துளைகளை விலக்குவதால், வாய்க்கால் தானே தோன்றுவதில்லை; கருவியை இயக்க மிகுந்த மின்னழுத்தம் வேண்டுமேயன்றி, ஏவாதபோது அது மூடியே நிற்கும். நம்பத்தக்கது அதுவாகலின் தொழிலாளர் முதலில் அதனையே மேற்கொண்டனர். 1960-களின் இடைப்பகுதியில் பேர்சைல்டு நிறுவனத்து ஆய்வாளரும் பிறரும் சோடியத்தின் இயக்கத்தை வெளிப்படுத்தி, தூய்மையை மிகுத்தபின்னரே ‘என்’-வகை வலுப்பெற்றது.

மாசு என்னும் சொல்லை ஈண்டு நோக்குக. பாஸ்பரஸும் மாசு, சோடியமும் மாசு. முன்னது அளந்து ஊட்டப்பெறுவது. பின்னது அறியாது புகுவது. முன்னது இன்றேல் கருவி இல்லை. பின்னது இருப்பின் கருவி பயன்படுவதில்லை. இரண்டனையும் ஒரு சொல்லாற் கூறுமிடத்து, ஊட்டுமாசு, புகுமாசு என அடைகொடுத்து வேறுபடுத்துதல் நலம்.

காரணம் மறைந்த பெயர்

உலோகம், ஆக்சைடு, குறைக்கடத்தி என்னும் மூன்றன் பெயரையும் சேர்த்து ‘மாஸ்’ எனச் சுருக்கி வழங்குவர். 1960-களின் பிற்பகுதி முதல் மதகை அலுமினியத்தால் அமைக்காது, மாசூட்டிய பல்படிகச் சிலிக்கானால் அமைக்கலாயினர். உலோகம் மறைந்தது, பெயர் மறையவில்லை. பின்னர்க் கருவி சிறுத்துவர, ஆக்சைடுப் படலம் ஏறத்தாழ 1.2 நானோமீட்டர் அளவிற்கு மெலிந்தது. அத்துணை மெல்லிய படலத்தை எலக்ட்ரான்கள் ஊடுருவி ஒழுகலாயின. அதனைத் தவிர்க்க, 2007-இல் இன்டெல் நிறுவனம் ஹாப்னியம் கலந்த காப்புப்பொருளையும் உலோக மதகையும் மேற்கொண்டது. சிலிக்கான் ஆக்சைடு தன் தலைமையிடத்தை இழந்தது; உலோகம் மீண்டது. இத்துணை மாற்றங்களுக்கிடையே ‘மாஸ்’ என்னும் பெயர் மாறாது நின்றமை, எண்ணெய் என்னும் சொல்லின் வரலாற்றை ஒத்தது. காரணப்பெயர் இடுகுறியின் தன்மையை எய்திவிட்டது எனலாம். இத்தகைய பெயரின் உறுப்புகளைத் தனித்தனியே மொழிபெயர்த்தலால் விளக்கம் பிறவாது. ஒலிபெயர்த்துக் கொள்ளுதலே தகும்.

கலைச்சொற்கள் பற்றிய கருத்து

ஊற்று, வடிகால், மதகு, வாய்க்கால் என்னும் சொற்களோ இன்னும் காரணம் விளங்க நிற்பவை. இவற்றை மொழிபெயர்த்தல் தகும்; ஆயின் காரணம் யாது எனத் தெளிதல் வேண்டும்.

முதலாவது, ஊற்றுவாய். இதனை ‘மூலம்’ என்பாரும் உளர். மின்கலம் முதலியவற்றை மின்மூலம் என வழங்குதலால், அச்சொல் மயக்கம் தரும். மேலும் இம்முனை மின்னோட்டத்தின் ஊற்றன்று, ஊர்திகளின் ஊற்று. ‘என்’-வகையில் எலக்ட்ரான்கள் ஊற்றுவாயினின்று வடிகாலுக்குச் செல்ல, மரபுவழிக் கூறப்படும் மின்னோட்டம் வடிகாலினின்று ஊற்றுவாய்க்குச் செல்கின்றது. ‘பி’-வகையில் ஊர்தி துளையாதலின் இரண்டும் ஒரே திசையில் அமையும். அன்றியும் இரு தீவுகளும் பல கருவிகளில் ஒத்த அமைப்புடையன. ‘என்’-வகையில் தாழ்ந்த மின்னழுத்தத்தில் உள்ளது ஊற்றுவாய். உயர்ந்ததில் உள்ளது வடிகால். மின்னழுத்தத்தை மாற்றினால் பெயரும் மாறும். வேற்றுமையால் ஒரு பெயரே செய்பவனாகவும் செயப்படுபொருளாகவும் நிற்றல் போல, இவை வினை நோக்கி வந்த பெயர்கள். இடம் நோக்கி வந்தவை அல்ல.

இரண்டாவது, மதகு. ‘வாயில்’ என்னும் சொல்லும் பொருந்துமேனும், பல டிரான்சிஸ்டர்களால் ஆகிய தருக்க வாயில் என்னும் சுற்றும் அச்சொல்லாலேயே வழங்கப்படுதலின், வேறுபாடு கருதி மதகு எனல் நன்று. 1952-இன் கருவியில் மதகு முன்னுள்ள வாய்க்காலைக் குறுக்கியது. 1959-இன் கருவியில் மதகே வாய்க்காலை உண்டாக்குகின்றது. ஆசிரியர் இவ்வேற்றுமையைக் கூறாது விட்டால், உவமை பொருளை மறைத்துவிடும்.

மூன்றாவது, ‘என்’ என்னும் எழுத்து. தமிழில் ‘என் வகை’ என எழுதினால் ‘என்னுடைய வகை’ எனப் பொருள்படும். ‘எதிர்வகை’ என்பதன் குறை மேலே காட்டப்பட்டது. இவ்விரண்டினும், ஊர்தியையும் அது செல்லும் வழியையும் வெளிப்படச் சொல்லி, எலக்ட்ரான்-வாய்க்கால் புலவிளைவு டிரான்சிஸ்டர் என்றும், மற்றதனைத் துளை-வாய்க்கால் புலவிளைவு டிரான்சிஸ்டர் என்றும் வழங்குதல் தெளிவுடையது. பெயர் நீண்டதாயினும், ‘பி’-நிலத்தில் அமைந்த கருவிக்கு ‘என்’ என்னும் அடை வந்தது எங்ஙனம் என்னும் வினாவிற்கு அதனுள்ளேயே விடை உளது. ஒருமுறை பொருள் விளங்கியபின் சுருக்க எழுத்தைப் பயன்படுத்துதலில் இழுக்கில்லை.

முடிவுரை

1963-இல் பிராங்க் வான்லாஸ் காட்டிய வழியில், இருவகைக் கருவிகளையும் இணைத்து, ஒன்று திறக்கும்போது மற்றொன்று மூடுமாறு அமைக்கும் சுற்றுகளே இன்றைய நுண்செயலிகளில் பெரும்பான்மை. நிலைமாறும்போதன்றி, ஓய்ந்திருக்கும்போது அவை மிகச் சிறிதளவு ஆற்றலையே செலவிடும். அவற்றைக் கற்கும் மாணவன் ‘என்’, ‘பி’ என்னும் இரண்டெழுத்தையும் ஒரே பக்கத்தில் நிலத்திற்கும் வாய்க்காலுக்கும் மாறி மாறி வழங்கக் காண்பான். எவ்விடத்தில் எதனைச் சுட்டுகின்றது எனத் தெரியாதாயின், சுற்றின் படம் மனப்பாடமாகுமேயன்றி விளங்காது. இயற்பியலார் கருவியின் செயலை விளக்க, தமிழ் பயின்றார் சொல்லின் ஆற்றலை அளந்து கூற, இருவரும் ஒருங்கிருந்து ஆக்குமிடத்தே பொருந்திய கலைச்சொல் பிறக்கும். சொல்லிற்குச் சொல் வைக்கும் பட்டியல்கள் அப்பணிக்குத் துணையாகலாம். அப்பணியே ஆகா என்பது இக்கட்டுரையின் துணிபு.